சுகுமாறன் தைத்த போர்வை

மலேசியாவின் கிள்ளான் நகரில் இருபத்தெட்டு வருடமாக வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டிவந்தவர் சுகுமாறன். குவில்ட் தைக்க ஆசைப்பட்டவர் அவரல்ல, அவர் மனைவி புனிதா. துண்டுத் துணிகளை இணைத்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கும் அந்தப் போர்வையைக் கற்றுக்கொள்ள, சுபாங் ஜெயாவில் ஒரு சனிக்கிழமை மாலை வகுப்பில் சேர்ந்திருந்தார். சுகுமாறன் கொண்டுபோய் விட்டுவிட்டுக் காரிலேயே காத்திருப்பார்.

இரண்டாவது வாரம் பேய்மழை. ஆசிரியை சுமையா குடையோடு வந்து அவரை உள்ளே அழைத்துப்போனார். முப்பது வயதுதான் இருக்கும்.

"சும்மா உக்காந்தா தூக்கம் வரும் அங்கிள். இந்தத் துணிய மூணு இஞ்ச் சதுரமா வெட்டித் தாங்களேன்."

அவர் கொடுத்த, உருளும் வட்டக் கத்தியால் வெட்டினார். நாற்பது சதுரங்களை அடுக்கியபோது ஒரு நூல்கூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. சுமையா அளந்து பார்த்தார்.

"என் ஸ்டூடண்ட்ஸ் யாருக்கும் இப்படி வரல. அடுத்த வாரம் மெஷின்ல உக்காருங்க."

"நானா? ஆம்பள உக்காந்தா நல்லாவா இருக்கும்?"

"மெஷினுக்கு அதெல்லாம் தெரியாது லா, அங்கிள்."

ஆறு வாரத்தில் புனிதாவுக்கு அலுத்துவிட்டது. "எனக்குப் பொறுமை இல்லங்க. நீங்க போய்ட்டு வாங்க" என்றார். சுகுமாறன் தனியாகப் போனார். தையல் கோணினால் சுமையா தையலை அறுத்துப் பிரிக்கும் சின்னக் கருவியை எடுத்து நீட்டுவார். முதல் வரிசையைச் சுகுமாறன் பதினோரு முறை பிரித்தார். பன்னிரண்டாவது முறை நேராக வந்தது.

எட்டு மாதத்தில் ஒரு போர்வை முடிந்தது. மூலைக்கு மூலை பிசகாமல் சேர்ந்திருந்தது. நிறங்கள்தான் சாம்பல், வெள்ளை, பழுப்பு. "அம்பாங்குல என் டீச்சர் மிசஸ் வோங் இருக்காங்க. அவங்ககிட்ட காட்டுங்க" என்றார் சுமையா.

மிசஸ் வோங் போர்வையை விரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மலாயில் கேட்டார்: "இது யார் வீட்டுக் குளியலறை?"

சுகுமாறனுக்கு முகம் சுருங்கியது. பிறகு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் சொன்னது உண்மைதானே! ஒரு கூடைத் துணியை மேசையில் கொட்டி, "நீ கடையில் வாங்கவே மாட்டாய் என்று நினைப்பதை எல்லாம் எடு" என்றார் மிசஸ் வோங். கிளிப்பச்சை, ஆரஞ்சு, ரோஜா நிறம். ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கே போய், எந்த நிறத்துக்கு எது பக்கத்தில் நின்றால் இரண்டும் எடுபடும் என்று கற்றார்.

இரண்டாவது போர்வை பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபக் கண்காட்சிக்குப் போனது. பெயர்ச்சீட்டு எழுதும் பெண் நிமிர்ந்து பார்த்து, "மேடம் பேரு சொல்லுங்க அங்கிள்" என்றாள்.

அவருக்குப் பின்னால், மனைவியோடு வந்திருந்த பாலன் நின்றிருந்தான். கூட வேலை செய்பவன். தைப்பதைப் பற்றிச் சுகுமாறன் வேலையிடத்தில் இதுவரை மூச்சுவிட்டதில்லை.

"சுகுமாறன்னு எழுதும்மா. நான்தான் தச்சேன்" என்றார், மண்டபத்துக்கே கேட்கும்படி.

பாலன் கிட்டே வந்து, மூலைகளை விரலால் தடவிப் பார்த்தான். "ஒரு எடத்துலகூட விலகலியே அண்ணே! எப்படி?"

"நம்ம டைல்ஸ் வேல மாதிரிதான்டா. இத மடிச்சும் வைக்கலாம், அவ்ளோதான்."

அன்று மாலை சுமையா தயங்கித் தயங்கிக் கேட்டார். "சனிக்கிழமை காலையில துணி வெட்டுற கிளாஸ் ஒண்ணு ஆரம்பிக்கிறேன். அத நீங்க எடுக்கிறீங்களா அங்கிள்?"

"எடுக்கிறேன். இனிமே சனிக்கிழமை வேலைக்கு வரமாட்டேன்னு பாஸ்கிட்ட சொல்லிடுறேன்."

அடுத்த சனிக்கிழமை ஏழு பெண்கள் முன்னால் சுகுமாறன் நின்றார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "மொதல்ல கத்திய எப்படிப் பிடிக்கிறதுன்னு பாப்போம்" என்று தொடங்கினார்.