ஜோடியாகத்தான் தருவேன்

சந்தானகிருஷ்ணன் சார் என் கடையில் ஒரே ஒரு ஹாம்ஸ்டர்தான் கேட்டார். அவர் தலையில் இரண்டைக் கட்டியது நான்.

தஞ்சாவூர் கீழவாசலில் எனக்கு மீன் தொட்டி, லவ் பேர்ட்ஸ், முயல், குட்டி எலி மாதிரி இருக்கிற ஹாம்ஸ்டர் எல்லாம் விற்கிற கடை. என் அத்தா அல்லா பிச்சை அதே இடத்தில் துணி விற்றவர். ஒரு கைலி கேட்டு வந்தவனிடம் இரண்டை மடித்துக் கொடுத்து, இரண்டாவதைத் திருப்பி வைக்க அவனுக்கே மனசு வராதபடி பேசத் தெரிந்தவர். அந்த வாய் எனக்கும் வந்திருக்கிறது. ஆனால் கைலி கடிக்காது, வாங்கியவர் வீட்டில் போய்ச் சண்டை போடாது. இந்த வித்தியாசம் எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.

சார் வந்தது ஜூலை மாதம். கூட ஜகதாம்பாள் மாமியும் மகள் மாளவிகாவும். கோயம்புத்தூரில் கல்லூரி கிடைத்து, பத்து நாளில் ஹாஸ்டலுக்குக் கிளம்ப வேண்டிய பெண் கூண்டு கூண்டாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊருக்குப் போறச்சே எதுக்குடி இது?" என்றார் மாமி.

"எனக்கு இல்லம்மா, உனக்கு. நான் இல்லாதப்ப நீ யாரை அதட்டுவே? அப்பா பாவம் இல்லையா?"

சார் ஒன்றைக் காட்டி, "இது ஒண்ணு போதும்" என்றார்.

"ஒண்ணா? சார், கோவிச்சுக்காதீங்க. ஒண்ணை மட்டும் தந்து அந்தப் பாவத்தை நான் சுமக்க முடியாது. இதுங்க ரெண்டும் ஒரு வயித்துல பொறந்த அக்கா தங்கச்சி. பிரிச்சா ஏங்கிச் செத்துரும். ஜோடியாத்தான் தருவேன்."

சார் நம்பவில்லை. பொதுப்பணித் துறையில் பொறியாளர்; ஆறு, வாய்க்கால், மதகு என்று தண்ணீர் பங்கிடுகிற வேலை. எந்த ஊர்க்காரர் எதை எவ்வளவு கூட்டிச் சொல்வார் என்று பார்த்துப் பழகிய கண். அதனால் நான் மாமி பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"திருவிடைமருதூர்ல ஒருத்தர் மாமி. நான் வேணாம் வேணாம்னு சொல்லியும் கேக்காம ஒண்ணைத்தான் எடுத்துட்டுப் போனார். எட்டு நாள் நல்லாத்தான் இருந்துச்சு. ஒன்பதாம் நாள் சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்கலை. நானே போய்ப் பார்த்தேன். சுவர்ப் பக்கமா முகத்தை வச்சுப் படுத்துச்சு. அவ்வளவுதான்."

திருவிடைமருதூரில் எனக்கு ஒரு வாடிக்கையாளர்கூடக் கிடையாது. ஆனால் சொல்கிற கதைக்கு ஒரு ஊர் வேண்டும், ஒரு எண் வேண்டும். பத்து நாள் என்றால் குத்துமதிப்பாகப் போய்விடும். ஒன்பதாம் நாள் என்றால் பக்கத்தில் நின்று பார்த்தவன் சொல்கிற மாதிரி இருக்கும். மாமியின் கண் கலங்கிவிட்டது. மகளைப் பிரியப் போகிறவரிடம் இதைச் சொல்கிறோம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். இரண்டும் விற்றுப் போயின.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, மழையில் நனைந்த குடையோடு சார் மட்டும் வந்தார்.

"பாய், உங்க அக்கா தங்கைக்குள்ள அடிதடி."

மாளவிகா பெயர் வைத்துவிட்டுத்தான் ஹாஸ்டலுக்குப் போயிருக்கிறாள். உருண்டையாக இருந்தது ஜவ்வரிசி. ஒல்லியாக இருந்தது சேமியா. இரண்டு மாதம் இரண்டும் பாயசத்தில் சேர்ந்த மாதிரி சேர்ந்துதான் கிடந்தன. வளர்ந்த பிறகு, மூன்று வாரமாக ஜவ்வரிசி துரத்துகிறது, சேமியா ஓடுகிறது. சேமியாவைச் சாப்பாட்டுக் கிண்ணத்துப் பக்கமே விடுவதில்லை. காது கிழிந்து, முதுகில் ரத்தக் காயம்.

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா சார்?"

"காட்டாம? கால்நடை டாக்டர் பார்த்தவுடனே சொல்லிட்டார், இன்னைக்கே பிரிச்சிடுங்கன்னு. உங்க மாமிதான் விடமாட்டேங்கறா. டாக்டருக்கு மாடு தெரியும், இது தெரியாதாம். பாய் கண்ணால பார்த்தவராம். ஒன்பதாம் நாளாம், சுவர்ப் பக்கமாம்."

நான் மீன் தொட்டியில் ஏதோ தூசியைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

"நானும் சும்மா இல்லை. கூண்டு நடுவுல அட்டையால ஒரு ஷட்டர் போட்டு, முறை வெச்சு விட்டுப் பார்த்தேன். ஆறு மணி நேரம் சக்கரம் ஜவ்வரிசிக்கு, ஆறு மணி நேரம் சேமியாவுக்கு. ஒன்பது ஊருக்கு முறை வெச்சுத் தண்ணி விட்டவன் பாய் நான், ஒரு மண்டை உடையலை. இங்க என்ன ஆச்சு தெரியுமா?"

"என்ன சார்?"

"ரெண்டாம் நாள் ஜவ்வரிசி மதகையே தின்னுட்டா."

அவர் சிரிக்கவில்லை. குடையை மடக்கி, "இன்னும் ரெண்டு நாள் இப்படியே போனா சேமியா இருக்காது. நீங்க வந்து சொன்னாத்தான் கேப்பா" என்றார்.

ஜும்மா தொழுகை முடிந்து வருவதாகச் சொன்னேன். வந்து என்ன சொல்வது என்பதையும் அப்போதே யோசித்து வைத்துவிட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டிய அவசியமே வராது. பேச்சிலே ஏற்றியதைப் பேச்சிலேயே இறக்கிவிடலாம். சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி ஷமாவிடம் இதைச் சொன்னேன்.

"பள்ளிவாசல்லேர்ந்து வந்த கையோட போறீங்க. அடுத்த தொழுகை, அஸர் வரைக்குமாவது உண்மை பேசிப் பாருங்களேன்" என்றாள் ஷமா. கூடவே ஒரு கேரட்டைத் துண்டாக்கிப் பொட்டலம் கட்டி, "அந்த ஒல்லிக்குக் குடுங்க" என்றாள்.

மாமி வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்கோ பாய், நீங்க ஒருத்தர்தான் இவருக்குப் புரிய வைக்கணும்" என்று உள்ளே அழைத்துப் போனார். சாப்பாட்டு மேஜை மேல் கூண்டு. ஜவ்வரிசி கிண்ணத்துக்குள்ளேயே உட்கார்ந்து விதை உடைத்துக்கொண்டிருந்தது. சேமியா மூலையில், கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தது. தலை சரியும், உடனே பதறி விழிக்கும், ஜவ்வரிசி எங்கே என்று பார்க்கும், மறுபடி கண் சொருகும். என் உள்ளங்கையிலிருந்து எடுத்துக் கொடுத்தனுப்பியபோது எடையே இல்லாத பஞ்சாக இருந்தது. இப்போது முதுகெலும்பு தெரிந்தது.

நான் யோசித்து வைத்திருந்ததை எடுத்து விட்டேன்.

"மாமி, அந்தத் திருவிடைமருதூர் ஹாம்ஸ்டர் வேற ரகம். இது வேற ரகம். இதுக்கு அவ்வளவு ஏக்கம் வராது."

"வேற ரகமா? அதே கூண்டைக் காட்டி, இதுங்களோட கூடப் பொறந்ததுதான்னு சொன்னேளே!"

சொல்லியிருப்பேன். நினைவில்லை.

"சரி மாமி, சின்ன வயசுல இருக்கிற ஏக்கம் வளர்ந்தா குறைஞ்சிரும்."

"எந்த வயசுல குறையும்?" மாமி நேராகப் பார்த்துக் கேட்டார். "இருபத்து நாலு வருஷமா இந்த மனுஷரோட இருக்கேன். கேம்ப்னு ரெண்டு நாள் போனாலே எனக்குச் சாப்பாடு இறங்கறதில்லை. பதினெட்டு வருஷம் வளர்த்த பொண்ணு கிளம்பிப் போனா, குறைஞ்சா விட்டது?"

சார் ஜன்னல் வழியே மழையைப் பார்க்கத் தொடங்கினார்.

"அப்ப ஒண்ணு செய்வோம். ஜவ்வரிசியை நான் கடைக்குக் கொண்டுபோயிடறேன்."

"அங்க போய் அவ ஒன்பதாம் நாள், இங்க இவ ஒன்பதாம் நாள். ரெண்டு கொலையா பண்ணச் சொல்றேள்? அடிச்சுண்டாலும் புடிச்சுண்டாலும் கூடப் பொறந்தவ பக்கத்துல இருக்கா. அந்தத் தைரியத்துலதான் சேமியா உசுரை வெச்சுண்டிருக்கா."

அத்தாவிடம் பேரம் பேசி ஜெயித்தவர்கள் உண்டு. நான் சொன்னதை வைத்தே என்னை மடக்கியவர் இவர் ஒருவர்தான்.

அதற்குள் சேமியா எப்படியோ துணிந்து கிண்ணத்துப் பக்கம் வந்துவிட்டது போலிருக்கிறது. கீச்சென்று ஒரு அலறல். இரண்டும் ஒரே பந்தாக உருண்டன. மரத்தூள் மேஜையெல்லாம் தெறித்தது. மாமி "ஐயோ ஐயோ" என்று வெறுங்கையை நீட்ட, நான் தடுத்து, தோளில் கிடந்த துண்டைக் கூண்டுக்குள் நுழைத்து ஜவ்வரிசியை அமுக்கினேன். துண்டையும் தாண்டி என் விரலில் பல் பதிந்தது. சேமியா மூலைக்கு ஓடியது. பழைய காயத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சிவப்புக் கோடு.

"மாமி, நான் பொய் சொன்னேன்" என்றேன்.

மாமி நிமிர்ந்தார்.

"திருவிடைமருதூர்ல யாரும் இல்லை. எதுவும் ஏங்கிச் சாகலை. ரெண்டா விக்கணும்னு சொன்னது. சிலது சேர்ந்து இருக்கும், சிலது வளர்ந்ததும் ஒண்ணை ஒண்ணு கொல்லும். ரத்தம் வந்தா பிரிச்சே ஆகணும். டாக்டர் சொன்னதுதான் சரி."

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தில் கோபம்கூட இல்லை. சரக்கைப் புரட்டிப் பார்க்கிற பார்வை. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்போ பொய் சொன்னேள். இப்போ நிஜம் சொல்றேள்னு எப்படி பாய் நம்பறது?"

"மாமி..."

"இல்லை, கேக்கறேன். அன்னைக்கு ரெண்டு விக்கறதுக்காகச் சொன்னேள். இன்னைக்கு இன்னொரு கூண்டு விக்கறதுக்காகச் சொல்லலாமோல்லியோ?"

"கூண்டைச் சும்மா தரேன் மாமி."

"சும்மாவா? உங்க கடையிலயா?" மாமி சாரைப் பார்த்தார். "ஏன்னா, இப்பத்தான் எனக்கு நிஜமாவே சந்தேகமா இருக்கு."

பதினைந்து வருஷமாக வாயால் பிழைக்கிறவன் நான். அன்று என் வாயிலிருந்து வருகிற எந்தச் சொல்லும் செல்லாது என்று தெரிந்துபோனது. துணி சாயம் போகுமோ என்று சந்தேகப்படுகிறவரிடம் அத்தா வாதாடமாட்டார். ஒரு துண்டை நனைத்துக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துவிடுவார்.

"என்னை நம்ப வேணாம் மாமி. ஒரே ஒரு மணி நேரம். சேமியாவைத் தனியா விட்டு, நீங்களே உங்க கண்ணால பாருங்க. ஏங்கற மாதிரி தெரிஞ்சா திரும்ப உள்ளே விட்டுடுங்க. நான் வாயே திறக்கலை."

மாமி யோசித்தார். பிறகு மாளவிகாவின் அறைக்குப் போய், அவள் துணி வைத்திருந்த உயரமான பிளாஸ்டிக் பெட்டியைக் காலி செய்து எடுத்து வந்தார். அடியில் மரத்தூள், கிழித்த டிஷ்யூ, ஒரு கிண்ணத்தில் சூரியகாந்தி விதை, ஷமா கொடுத்த கேரட். சேமியாவை மாமியே இரண்டு கையாலும் அள்ளி உள்ளே விட்டார்.

மூன்று பேரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம்.

சேமியா நாலு சுவரையும் மோந்துகொண்டு ஓடியது. மறுபடி ஓடியது. "தேடறா பாருங்கோ! அக்காவைத் தேடறா!" என்றார் மாமி. நான் பேசவில்லை. சத்தியமாக எனக்குச் சொல்லத் தோன்றியது நாலு வாக்கியம். விழுங்கினேன்.

பிறகு அது கிண்ணத்தைக் கண்டுபிடித்தது. பின்னால் திரும்பிப் பார்த்தது. யாரும் வரவில்லை. ஒரு விதை, இரண்டு விதை, கன்னம் இரண்டும் புடைக்கிற வரை திணித்துக்கொண்டு மூலைக்கு ஓடி, கொட்டிவிட்டு, மறுபடி வந்தது. இப்படி நான்கு நடை. ஐந்தாவது நடையில் கிண்ணத்தருகிலேயே உட்கார்ந்து, இரண்டு கையாலும் பிடித்து, அவசரமில்லாமல் தின்றது. மாமி எழுந்து போய் காபி போட்டுக்கொண்டு வந்தார். நின்றபடியே குடித்தார்.

காபி டம்ளர் மேஜைமேல் டக்கென்று இறங்கிய சத்தத்தில் நானும் சாரும் திரும்பினோம்.

"பாய்! படுத்துட்டா! சுவர்ப் பக்கமா திரும்பிப் படுத்துட்டா!"

சேமியா பெட்டிச் சுவரைப் பார்த்தபடி பக்கவாட்டில் சாய்ந்து, நாலு காலையும் நீட்டி அசையாமல் கிடந்தது. நான் அன்று கடையில் வர்ணித்த அதே கிடை. மாமி என் தோளைப் பிடித்து உலுக்கினார். "நீங்க சொன்ன மாதிரியே போறாளே!"

சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டிக்குள் தலையை விட்டார். ஆற்றில் நீர்மட்டம் பார்க்கிறவர் மாதிரி அசையாமல் பார்த்தார்.

"ஜகதா, வயித்தைப் பாரு. ஏறி இறங்கறது. தூங்கறாடி."

மாமியும் குனிந்தார். நானும் குனிந்தேன். மூன்று தலைகள் முட்டிக்கொள்கிற அளவுக்கு. உண்மைதான். வாய் லேசாகத் திறந்து, ஒரு பின்னங்கால் மட்டும் அவ்வப்போது துடிக்க, பட்டப்பகலில் அயர்ந்து தூங்கியது. மூன்று வாரத்தில் இப்படிக் கால் நீட்டிப் படுத்துத் தாங்கள் பார்க்கவேயில்லை என்றார் சார்.

மாமி நாற்காலியில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அங்க ஹாஸ்டல்ல மாளவிகாவும் இப்படித்தான் தூங்கறாளோ என்னமோ. நான்தான் இங்க தினம் போன் பண்ணி, ஏங்கறியா ஏங்கறியான்னு கேட்டுண்டிருக்கேன்."

சார் மனைவியின் கையில் அந்தக் காபி டம்ளரை எடுத்துக் கொடுத்தார்.

ஒரு மணி நேரம் ஆகவில்லை. மாமியே முடிவைச் சொன்னார். "சரி, ரெண்டா இருக்கட்டும். ஆனா பாய், ரெண்டு கூண்டையும் பக்கத்துப் பக்கத்துல வெச்சுடலாமோ? ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துண்டாவது இருப்பா."

'வச்சுக்கங்க மாமி, அதுக்கென்ன' என்ற பதில் என் நாக்கின் நுனிக்கே வந்துவிட்டது. கேட்கிறவர் கேட்க விரும்புவதைச் சொல்வதுதான் எங்கள் வீட்டில் பால் குடிக்கும்போதே கற்றது. மாமியின் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் அதைத்தான் சொல்லத் தோன்றும்.

"வேணாம் மாமி. வாசனை பட்டாலே ரெண்டுக்கும் நிம்மதி இருக்காது. வேற வேற ரூம்தான். ஒண்ணைத் தொட்ட கையோட இன்னொண்ணைத் தொடாதீங்க. இனிமே சேர்க்கவும் கூடாது."

"காயம் ஆறினப்புறம்?"

"அப்பவும் கூடாது."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

மாமி கூண்டைப் பார்த்தார். ஜவ்வரிசி தனக்கு ஒன்றுமே நடக்காதது போல் காலை நக்கிக்கொண்டிருந்தது. "நீயும் என் பொண்ணுதான், கடங்காரி" என்று கம்பிக்கு வெளியே இருந்து அதட்டினார். பிறகு எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து, "சேமியா மாளவிகா ரூம்ல இருக்கட்டும். அங்கதான் காத்து வரும்" என்றார்.

பெட்டியைத் தூக்க நான் கை கொடுத்தேன். மாமி விடவில்லை. தளும்பத் தளும்ப நிறைந்த தவலையைத் தூக்கிப் போகிறவர் மாதிரி, பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து நடந்தார். சார் முன்னால் போய் வழியிலிருந்த நாற்காலிகளை நகர்த்தினார். எங்களுக்குப் பின்னால் ஜவ்வரிசி சக்கரத்தில் ஏறிக் கடகடவென்று ஓட ஆரம்பித்தது.

அறை வாசலில் மாமி என்னைத் திரும்பிப் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பாய், அந்தக் கதவைச் சாத்துங்கோ. தூக்கம் கலைஞ்சுடப் போறது."