குந்தியிருந்து எழும்பியபோது

வீச்சுவலையில் சிக்கிய இறாலைக் குந்தியிருந்து கழற்றிக்கொண்டிருந்த சுபாகரன், முடிந்ததும் சட்டென்று எழும்பினான். எழும்பியவனுக்குக் கண் செருகியது. அப்படியே மடங்கித் தோணிக்குள் விழுந்தான்.

மறுமுனையில் இருந்த அவன் மனைவி றஞ்சிதா சுற்றிலும் பார்த்தாள். நடு வாவி. குருக்கள்மடத்துக் கரை கண்ணுக்குத் தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒருவருமில்லை. போன வருடம் அவனுடைய தமையனும் இப்படித்தான் விழுந்தார். பாரிசவாதம். இன்றைக்கும் அவருக்கு ஒரு கை தூக்க ஏலாது.

ஊர்ந்து போய் அவனைத் தன் மார்போடு சாய்த்து இருத்தினாள். "இஞ்ச பாருங்க, கண்ணத் திறங்க."

இமை அசைந்தது. நன்றாக நிமிர்த்திப் பிடித்தாள். முகம் வெளிறி மறுபடியும் துவண்டான். தோணி ஆடியதில் அவள் பிடி நழுவ, அடிப்பலகையில் நீட்டி நிமிர்ந்து கிடந்தான். செத்துப்போனானோ என்று மூக்கருகே கையை வைத்தாள். மூச்சு வந்தது. கொஞ்ச நேரத்தில் கண்ணும் திறந்தது.

"ஏன் புள்ள அழுறாய்?"

"ரெண்டு கையையும் தூக்குங்க."

தூக்கினான். இரண்டும் ஒரே உயரத்தில் நின்றன. அவன் எழும்பப் பார்க்க, அவள் தோளை அமுக்கினாள்.

"கிடங்க. இருத்தினா மயங்குறீங்க, கிடத்தினா முழிக்கிறீங்க."

சொன்ன பிறகுதான் அது அவளுக்கே விளங்கியது. அவன் கால்களைத் தூக்கி வலைக்குவியலின் மேல் வைத்துவிட்டுக் கம்பை ஊன்றித் தோணியைத் தானே தாங்கினாள். கரை வரும்வரை, "கதைங்க, எதையாவது கதைங்க" என்றுகொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் றம்லா அவனைப் படுக்கவைத்து பிரஷர் பார்த்தார். நிற்கவைத்துத் திரும்பப் பார்த்தார். நின்றதும் மளமளவென்று இறங்கியது.

"எழும்பினா ரத்தம் காலுக்கு இறங்கும் அக்கா. உடம்பு உடனே ரத்தக்குழாய்கள இறுக்கி பிரஷரத் தூக்கும். மூளைக்குள்ள இருக்கிற குழாய்கள் விரிஞ்சு தனக்குத் தேவையான ரத்தத்த எடுக்கும். அதுக்குச் சில செக்கன் வேணும். போன கிழமை பிரஷருக்குக் கூட்டின குளிசை, வெறும் வயிறு, வெயில் எல்லாம் சேர்ந்து இவருக்கு ஈடுகொடுக்க ஏலாமப் போயிற்று."

"அப்ப பாரிசவாதம் இல்லையா?"

"அதுக்கான அடையாளம் ஒண்டும் இல்ல. குளிசையக் குறைக்கிறன். நீங்க கிடத்தினதுதான் நல்லது."

பத்து நாள் கழித்து இருவரும் வாவிக்குப் போனார்கள். சுபாகரன் முதலில் பலகையில் இருந்தான். டொக்டர் சொன்னபடி கெண்டைக்காலை இறுக்கி இறுக்கி விட்டான். பிறகு மெல்ல நிமிர்ந்தான்.

"தலை சுத்துதா?"

"இல்ல."

அவன் வலையை வீசி முடித்துத் திரும்பப் பலகையில் இருக்கும்வரை, றஞ்சிதா தோணியின் விளிம்பை விடவில்லை.