செத்தல் மிளகாய் செய்த வேலை

காலையிலிருந்து பெய்த மழையில், விடுமுறைக்கு வந்து தங்கிய கரவன் வண்டி மிதந்து வடகடலுக்கே போய்விடும் போலிருந்தது. உள்ளே பிள்ளைகள் இரண்டும் ஒரு பென்சிலுக்காக உலகப் போர் நடத்தின.

"இனி ஏலாது. நாலு மணிக்கு வீட்டை, கொலோனுக்குத் திரும்புறம்," என்றான் தாரகன்.

மூன்று வருடமாக இந்த விடுமுறைக்கு ஏங்கியவள் அவன் மனைவி நிருஷா. "சாப்பிட்டிட்டுப் போவமப்பா," என்று நேரத்தைக் கடத்தினாள். மழைக்கு மூடிய யன்னல்களைத் திறக்காமலே, சம்பலுக்குக் காய்ந்த செத்தல் மிளகாய் பொரித்தாள்.

ஒரே நிமிடம்! நெடி தாங்காமல் கதவைத் திறந்து, நால்வரும் இருமிக்கொண்டு மழைக்குள் பாய்ந்தார்கள். பக்கத்துக் கரவன் ஜெர்மன்காரர் தும்மிய தும்மலில் பைன் மரங்களே ஆடின. இருமல் அடங்கியதும் பிள்ளைகள் சேற்றுக்குள் குதித்துக் கூத்தடித்தன.

"அப்பா, நீங்களும் வாங்கோ!"

தாரகனும் குதித்தான். மணி ஐந்தானது.

"இன்னும் மிளகாய் கிடக்கோ?" என்றான், மூக்கைத் துடைத்தபடி.

"ஒரு கிலோ கிடக்கு."

"அப்ப ஒரு கிழமை, ஏழு நாளும் இஞ்ச நிக்கலாம்."