தொண்ணூற்றொன்பது ஆடுகளுக்கு யார் காவல்?

சலூன்காரருக்குத் தன் கடையில் ஒரு வசதி இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டவர் எவரும் பாதியில் எழுந்து போக முடியாது. அதனால் இருபத்திரண்டு வருடங்களாக அவர் பேசினார், வந்தவர்கள் கேட்டார்கள். கத்தரி ஓடிய நேரத்தைவிட வாய் ஓடிய நேரம் அதிகம் என்று கேலி செய்தவர்களும் மறுமாதம் அவரிடமே வந்தார்கள்.

அவர் மனைவி ஆலயத்தில் வேதபாட வகுப்பு எடுக்க ஆரம்பித்த பிறகு அந்த ஏற்பாடு தலைகீழாகிவிட்டது.

மனைவிக்கு மருந்துக் கடையில் வேலை. எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று ஒரே விஷயத்தை நான்கு முறை கேட்டாலும் முகம் சுளிக்காமல் சொல்லுவாள். அந்தப் பொறுமையைப் பார்த்துத்தான் போதகர் அவளைக் கேட்டார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெரியவர்களுக்கு முக்கால் மணி நேரம் பாடம் நடத்த வேண்டும். பழைய ஆசிரியர் குடிமாறிப் போய்விட்டார். வருகிறவர்கள் ஆறேழு பேர். யாரும் எடுக்காவிட்டால் அதுவும் நின்றுவிடும். அவள் மூன்று நாள் ஜெபித்துவிட்டுச் சம்மதித்தாள்.

முதல் பாடத்தை வீட்டில் கணவர் முன்னால் நின்று சொல்லிப் பார்த்தாள். அவர் கடைத் துண்டுகளை மடித்துக்கொண்டே கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா கேக்கறவங்க கொட்டாவி விடாம இருக்கணும்னு முதல்ல ஒரு ஜெபம் பண்ணிக்கோ."

வேடிக்கையாகத்தான் சொன்னார். அவளும் சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு அவர் முன்னால் எதையும் சொல்லிப் பார்க்கவில்லை. அவரும் ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தைக் காரணம் காட்டி, ஆராதனை முடிந்த கையோடு கடையைத் திறக்கப் போய்விடுவார்.

மூன்று மாதத்தில் வகுப்பில் இருபது பேருக்கு மேல் சேர்ந்தார்கள். அதைச் சலூன்காரருக்குச் சொன்னவர், சனிக்கிழமைதோறும் சவரத்துக்கு வரும் லாரி டிரைவர்.

"டீச்சர் போன வாரம் என்ன சொன்னாங்க தெரியுமாண்ணே?"

"எந்த டீச்சர்?"

"நம்ம டீச்சர்தான். உங்க வீட்ல."

"நேத்து வரைக்கும் அண்ணின்னுதானே கூப்பிட்டே?"

"வீட்ல அண்ணி, வகுப்புல டீச்சர். ரெண்டையும் போட்டுக் குழப்பக் கூடாதுல்ல."

முகம் முழுக்க நுரையோடு டிரைவர் பாடத்தை ஒப்பித்தார். நடுநடுவே அவரே சிரித்துக்கொண்டார். சலூன்காரருக்கு வயிறு எரிந்தது. தன் மனைவி இவ்வளவு பேசுவாளா? இருபது பேரைச் சிரிக்க வைப்பாளா? வீட்டில் அவருக்குக் கிடைத்ததெல்லாம் பால் வாங்கியாச்சா, சாவியை எங்கே வைச்சீங்க என்பதுதான். நல்ல பேச்செல்லாம் யார் யாருக்கோ போய், மிச்சம் அடுத்தவர் வாய் வழியாகத் தனக்கு வருகிறது என்று நினைத்தார். கேட்கத் தானும் ஒருநாள் போகலாமே என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. பொறாமைக்காரனுக்குக் கதவு திறந்திருப்பது கண்ணில் படாது.

"சரி, ஒரு கேள்வி தரேன், நாளைக்குப் போய்க் கேளு" என்றார். "நோவா காலத்து வெள்ளத்துல எல்லாம் செத்துச்சே, மீன் மட்டும் என்ன புண்ணியம் பண்ணுச்சு? நான் சொன்னேன்னு சொல்லிடாதே."

மடக்கிவிடலாம் என்று எண்ணினார். அடுத்த சனிக்கிழமை டிரைவர் வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"வகுப்பே சிரிச்சுச்சுண்ணே. டீச்சரும் சிரிச்சுட்டு, அதை வைச்சே அரைமணி நேரம் பேசுனாங்க. கேள்வின்னா இப்படிக் கேக்கணும்னு போதகர் வந்து என் தோளைத் தட்டினாரு."

"உன் தோளையா?"

"பின்னே யார் தோளை? அண்ணே, மெதுவா. காது என்னோடது."

அன்று முதல் சலூன்காரருக்கு இரண்டு பேர் மேல் பொறாமை. வாரம் ஒரு கேள்வி அனுப்பினார். ஒவ்வொன்றும் அவள் கையில் நல்ல பாடமாக மாறியது. பெயர் டிரைவருக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒரு சனிக்கிழமை மதியம் அவர் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது, மேசை நிறைய அவளுடைய புத்தகமும் தாள்களும் கிடந்தன. அவருடைய சாப்பாடு ஓரமாக மூடி வைக்கப்பட்டிருந்தது.

"வந்துட்டீங்களா. எடுத்துப் போட்டுக்கங்க, இதோ முடிச்சிடறேன்" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் குனிந்துகொண்டாள்.

ஆறிப்போன சோற்றைத் தின்றுகொண்டே தலைகீழாகத் தெரிந்த தலைப்பைப் படித்தார். காணாமல்போன ஆடு. அவருக்குச் சுருக்கென்றது. சாயங்காலம் டிரைவரிடம் சொன்னார்:

"நூறு ஆட்டுல காணாமப்போன அந்த ஒண்ணைத் தேடி மேய்ப்பன் போயிட்டாரே, மிச்சத் தொண்ணூத்தொம்பது ஆட்டுக்கு யார் காவல்? அதுங்க சாப்பிட்டுச்சா இல்லையான்னு யார் பாத்தாங்க? அதைக் கேளு."

மறுநாள் வகுப்பு முடிந்ததும் டிரைவர் நேராகக் கடைக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"இனிமே உங்க கேள்வி எனக்கு வேணாம்ணே."

"ஏன், என்னாச்சு?"

"டீச்சர் கையில இருந்த தாளைக் கீழே வைச்சுட்டாங்க. தெரியலைன்னாங்க. தெரியலைன்னு சொல்றது தப்பில்ல, போன தடவைகூடச் சொல்லியிருக்காங்க. ஆனா இன்னிக்குக் குரல் வேற மாதிரி இருந்துச்சு. பத்து நிமிஷம் முன்னாடியே முடிச்சிட்டாங்க. என் முகத்தைப் பாக்கவே எனக்குப் பிடிக்கலை."

சலூன்காரர் ஜெயித்துவிட்டார். சீப்பை எடுத்து, அதில் இல்லாத முடியை ஊதினார்.

வீட்டில் அவளே பேச்சை எடுத்தாள். "போதகருக்குப் போன் பண்ணிட்டேங்க. அடுத்த ஞாயித்துக்கிழமையோட நிறுத்திக்கறேன்."

"ஏன், நல்லாத்தானே போகுது?"

"இன்னிக்கு டிரைவர் தம்பி ஒண்ணு கேட்டாரு. அது அவர் கேட்ட மாதிரியே இல்லைங்க. நான் எங்கேயோ தனியா விட்டுட்டு வந்த யாரோ கேட்ட மாதிரி இருந்துச்சு. நான் யாரை விட்டுட்டு வந்தேன்னு யோசிச்சுப் பாத்தேன்." கொஞ்சம் நிறுத்தி, "நேத்து உங்களுக்குச் சோறுகூடச் சூடா போடலை" என்றாள்.

கேள்வி என்னுடையதுதான் என்று அவர் அப்போதே சொல்லியிருக்கலாம். கடைத் துண்டுகளை எடுத்து மடிக்கத் தொடங்கினார். அந்த வாரம் முழுக்க அவருக்குச் சூடாகச் சோறு கிடைத்தது. மேசை சுத்தமாக இருந்தது. அவள் எதிரே உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டாள். கேட்டதெல்லாம் கிடைத்தும் ஒரு கவளம் நிம்மதியாக இறங்கவில்லை. கடையிலும் யாரும் வகுப்பைப் பற்றிப் பேசவில்லை. பேச்சு மறுபடியும் அவருடையதாயிற்று. பழைய நகைச்சுவை ஒன்றை எடுத்துவிட்டார். நாற்காலியில் இருந்தவர் மரியாதைக்குச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல் கடைச் சாவியோடு தெருவுக்கு வந்தார். கடை வாசலில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். சாவியைப் பூட்டுக்குள் விட்டவர், திருப்பாமல் நின்றார். பிறகு வெளியே உருவினார்.

"முக்கால் மணி நேரம் கழிச்சு வாங்க. தாடி எங்கேயும் ஓடிடாது."

ஆலயத்துக்குப் பின்னால், உடைந்த பெஞ்சுகளையும் பழைய ஒலிபெருக்கியையும் ஒதுக்கி வைத்திருந்த அறைதான் வகுப்பறை. உள்ளே நெருக்கமாக நாற்காலிகள். அவர் கதவோரமாகக் கடைசி நாற்காலியில், டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். டிரைவர் அவரைப் பேயைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அவளும் பார்த்தாள், கையிலிருந்த தாளை ஒருமுறை நேராக்கிக்கொண்டாள்.

"பாடத்துக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்று தொடங்கினாள்.

சலூன்காரர் எழுந்து நின்றார்.

"அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிக்கறேன், டீச்சர். போன வாரம் தம்பி கேட்ட கேள்வி என்னோடது. மீன் கேள்வியும் என்னோடதுதான். தெரிஞ்சுக்கணும்னு அனுப்பலை. உங்களை மடக்கணும்னு அனுப்பினேன். பொறாமை. அதுக்கு நானும் ஒரு வாரமா வேற நல்ல பேரு தேடிப் பாத்தேன், கிடைக்கலை."

எல்லாத் தலைகளும் டிரைவர் பக்கம் திரும்பின.

"அப்ப போதகர் தட்டினது யார் தோளு?" என்று டிரைவர் மெதுவாகக் கேட்டார். யாரோ சிரித்துவிட, எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவமானம் பாதி கரைந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் சிரிக்கத் தெரிந்த நாலு பேர் ஒரு சபையில் இருப்பது கடவுள் செய்த உதவி.

அவள் சிரிக்கவில்லை. "கேள்வி உங்களோடதா இருந்தாலும், பதில் எனக்கு இன்னும் தெரியலையே" என்றாள்.

"தெரியாட்டிப் போகுது. அதை உக்காந்து கேக்க எனக்கு ஒரு இடம் வேணும். நீங்க நிறுத்திட்டா நான் எங்கே போய்க் கேக்கறது?"

முன்வரிசையில் இருந்த தச்சர் தொண்டையைச் செருமினார். "நான் சின்ன வயசுல கூலிக்கு ஆடு மேய்ச்சிருக்கேன். தனியா நிக்கற ஆடுதான் மிரளும். கூட்டமா இருந்தா ஒண்ணோட மூச்சு இன்னொண்ணுக்குக் கேக்கும். அதுபாட்டுக்குப் படுத்துக் கிடக்கும். மேய்ப்பன் கொஞ்ச நேரம் போயிட்டு வரலாம்."

அவள் முகம் தச்சரை நோக்கி மலர்ந்தது. அதைப் பார்த்ததும் சலூன்காரருக்கு வயிற்றில் பழைய எரிச்சல் இலேசாகத் தலைநீட்டியது. இது நமக்குத் தோன்றவில்லையே என்று நினைத்தார். இருந்தாலும், அடுத்தவர் சொல்லிச் சனிக்கிழமை கேட்பதற்குப் பதிலாக, அந்த மலர்ச்சியை நேரில் பார்த்துவிட்டார்.

"டீச்சர், நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே?" என்றார் தச்சர்.

அவள் கையிலிருந்த தாளை நான்காக மடித்தாள்.

"அது இருக்கட்டும். அடுத்த வாரத்துக்கு எல்லாரும் இந்தப் பகுதியை வீட்ல ஒரு தடவை படிச்சிட்டு வாங்க. இப்ப புத்தகத்தைத் திறங்க."

சலூன்காரர் வெறுங்கையோடு வந்திருந்தார். டிரைவர் ஒன்றும் சொல்லாமல் தன் நாற்காலியை நகர்த்திப் போட்டு, புத்தகத்தை இருவர் மடியிலும் பாதிப் பாதியாக விரித்து வைத்தார்.