பதிமூன்று என்று சொன்னான்

எங்கள் பாலைவன மோட்டார்பைக் பந்தயத்தில் ஒரு வழக்கம் உண்டு. டயருக்குக் காற்று வைத்தவன் அளவைச் சொல்லிவிட்டால், ஓட்டுகிறவர் திரும்ப வால்வைத் தொடக்கூடாது. தொட்டால் அவனை நம்பவில்லை என்று அர்த்தம். எனக்குக் காற்று வைப்பவன் என் புருஷன் லிண்ட்சே. ஐந்து வருடமாக நான் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. நம்பிக்கையாம், மண்ணாங்கட்டி.

முதல் நாள் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து ஆற்றங்கரை முகாமுக்கு ஓட்டவேண்டும், மறுநாள் அதே செம்மணலில் திரும்பவேண்டும். இரண்டு நாள் நேரத்தையும் கூட்டி, பெண்களில் முதலாவதாக வருகிறவளுக்கு இந்த முறை தூரத்து அடிலெய்டு நகர அணியில் இடம் கிடைக்கும். முதல் நாள் முடிவில் நான் நாலாவது. முன்சக்கரம் வழக்கம்போல மணலில் புதைந்து புதைந்து என் கைகளை ஓய்த்துவிட்டது.

"எல்லாரும் மொதல்ல வந்துட முடியுமா நெரிடா?" என்றான் லிண்ட்சே. "உனக்கு இதுவே ஜாஸ்தி." பிறகு மறுநாளுக்குக் காற்று வைத்துவிட்டு, "பதிமூணு," என்றான்.

காலையில் அவன் டீ வாங்கப் போயிருந்தான். என்னோடு போட்டி போடும் வெர்லி பக்கத்துக் கூடாரம். தன் டயரை அளந்த கையோடு, விளையாட்டாக என் வால்விலும் காற்றளக்கும் கேஜை வைத்தாள்.

"ஏண்டி, இருபதா? இவ்வளவு காத்து வச்சா சக்கரம் புதையாதா? மணல்ல வண்டி ஓட்டப் போறியா, ஏர் உழப் போறியா?"

"உன் கேஜைத் தூக்கிக் குப்பையில போடு. என் ஆளு பதிமூணுன்னு சொன்னான்."

சொல்லிவிட்டேனே தவிர, கருவிப் பெட்டியைத் திறந்தேன். லிண்ட்சேயின் கேஜ் உள்ளே கிடந்தது. எடுத்து வைத்துப் பார்த்தேன். அதிலும் இருபதுதான்.

டீயோடு வந்தவன் என் கையில் கேஜைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"காத்து கம்மியா இருந்தா கல்லுல ட்யூப் கிழிஞ்சிடும்னுதான்..."

"அப்ப இருபதுன்னே சொல்லியிருக்கலாமே. ஒவ்வொரு வருஷமும் இதே வேலையா?"

அவன் டீயைக் கீழே வைத்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினான். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. அவன் கண்ணெதிரிலேயே காற்றை இறக்கினேன், பதிமூன்றுக்கு.

அன்று வண்டி மணலில் புதையவே இல்லை, மேலேயே மிதந்துகொண்டு போனது. அது நன்றாக ஓட ஓட எனக்கு அழுகைதான் வந்தது. ஐந்து வருடமும் இப்படி ஓடியிருக்குமே என்று ஹெல்மெட்டுக்குள் அவனைத் திட்டிக்கொண்டே ஒவ்வொருத்தியாகத் தாண்டினேன். வெர்லியை நான் தாண்டியதுகூட நினைவில்லை. மொத்த நேரத்தில் நான்தான் முதலாவது.

முடிவுக்கோட்டில் லிண்ட்சே தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தான்.

"எனக்குத் தெரியும்," என்றான். "மொத வருஷமே தெரியும். காத்தைச் சரியா வச்சா உன்னைப் பிடிக்க இங்க ஆளே இல்லைன்னு."

"தெரிஞ்சுகிட்டேதான் உனக்கு இது ஜாஸ்தின்னு சொன்னியா?"

"நீ அடிலெய்டு போயிட்டா அப்புறம் நான் எங்க போவேன்?"

"அடப்பாவி, எனக்குக் காத்து வைக்க உன்னையும்தானே கூட்டிட்டுப் போயிருப்பேன்."

தண்ணீரை வாங்கிக் குடித்தேன். கேஜை அவனிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.