கேட்டுக்கு முன்னால் பந்தல்

பௌர்ணமி அன்று எங்கள் தெருவில் யார் வீட்டு கேட்டும் அவரவருக்குச் சொந்தமில்லை. கிரிவலம் வருகிறவர்கள் இடம் கண்ட இடத்தில் காரை நிறுத்துவார்கள். செருப்பைக் காருக்குள் போட்டுவிட்டு வெறுங்காலோடு மலையைச் சுற்றப் போய்விடுவார்கள். போனால் அரை நாள். கண்ணாடியில் நம்பர் எழுதி வைத்திருந்தாலும் போனை எடுக்கமாட்டார்கள்.

போன பௌர்ணமிக்கு ஒரு வெள்ளைக் கார் என் கேட்டை அடைத்து நின்றது. அன்று அத்தைக்கு டயாலிசிஸ். என் காரை வெளியே எடுக்க முடியவில்லை. அத்தையால் தெருமுனை வரை நடக்க முடியாது. முறை தவறியது. படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று விடியும் வரை உட்கார்ந்தே இருந்தார். "இன்னொரு தடவை இப்படி விட்டுடாதீங்க" என்று டாக்டர் என்னிடம் சொன்னார்.

அத்தை என்றால் ஆர்த்தியின் அம்மா, கஸ்தூரி. என் மனைவி ஆர்த்தி ஆடி மாதம் இறந்தாள். அதன் பிறகு அத்தை தன் ஊரான கீழ்பென்னாத்தூருக்குத் திரும்பிப் போகவில்லை. நானும் போகச் சொல்லவில்லை. வீட்டில் நாங்கள் இருவர்தான்.

தைப் பௌர்ணமியும் டயாலிசிஸ் நாளில் வந்தது. எதிர்வீட்டு சகாதேவனிடம் முன்கூட்டியே போய்ச் சொன்னேன். மாடி அறைகளைப் பௌர்ணமிக்கு வாடகைக்கு விடுகிறவர். வருகிற கார்களுக்கு இடம் காட்டுவதும் அவர்தான். காட்டுகிற இடம் பெரும்பாலும் என் கேட்.

"ஊரே அண்ணாமலையாரைப் பாக்க வருது தம்பி. ஒரு நாள் அனுசரிச்சுப் போங்க."

"போன மாசம் அனுசரிச்சதுல அத்தைக்கு மூச்சு முட்டிடுச்சுங்க."

"நோ பார்க்கிங் போர்டு மாட்டுங்களேன்."

"மாட்டியிருந்தேன். உங்க ரூம்காரங்க அதுமேல துண்டு காயப்போட்டாங்க."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பௌர்ணமி அன்று விடிந்ததும் வாடகைக்கு ஒரு சாமியானாவும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் கொண்டுவந்து கேட்டுக்கு முன்னால் போட்டேன். இடம் இருந்தால்தானே காரை நிறுத்துவார்கள். கிளம்பும்போது நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு, சாமியானாவுக்கு அடியிலேயே என் காரை எடுத்துவிடலாம்.

ஒன்றை யோசிக்கவில்லை. பௌர்ணமி அன்று இந்த ஊரில் சாமியானா என்றால் அன்னதானம்.

அத்தைக்குக் காபி கொடுத்துவிட்டு வெளியே வந்தால் நாற்காலிகள் நிறைந்திருந்தன. ஒரு பெண் குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். மஞ்சள் வேட்டி கட்டிய ஒருவர் என்னைக் கேட்டார்.

"பொங்கலா, புளியோதரையா?"

"ரெண்டும் இல்லைங்க. இது அன்னதானப் பந்தல் இல்லை."

"மெதுவா வரட்டும் சார். உக்காந்துதானே இருக்கோம்."

சாமியானாவின் ஒரு கம்பத்தை நகர்த்திவிட்டு, கேட்டை முழுக்க மறித்து ஒரு சிவப்புக் கார் நின்றது. யாருடையது என்று கேட்டேன். மஞ்சள் வேட்டிக்காரர் கையைத் தூக்கினார்.

"நம்மளுதுதான். சாப்ட்டுட்டு அப்படியே மலை சுத்தப் போறோம். வந்து எடுத்துக்கறோம்."

டயாலிசிஸுக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் எழுந்திருங்கள் என்று சத்தம் போட்டேன். சத்தம் போட்டுப் பழகாத குரல். யாரும் அசையவில்லை.

"பந்தலும் போட்டுட்டு வெரட்றியேப்பா" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

வீட்டுக் கதவு திறந்தது. அத்தை சுவரைப் பிடித்தபடி வந்தார். மறுகையில் ஆர்த்தியின் படம். ஹாலில் மாட்டியிருந்தது, சந்தன மாலையோடு.

"வேணாம் அத்தை."

"நீங்க சும்மா இருங்க மாப்ள. அவ இருந்தா இவங்கள என்ன பண்ணியிருப்பான்னு உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும்.

முன்வரிசையில் ஒருவர் எழுந்து அத்தைக்கு இடம் கொடுத்தார். அத்தை அதில் படத்தை வைத்தார். பக்கத்து நாற்காலிக்காரரும் எழுந்துவிட்டார். அதில் அத்தை உட்கார்ந்தார். வீங்கிய கால்களை நீட்டிக்கொண்டு தெருவைப் பார்த்தார்.

தலை வாரிக்கொண்டிருந்த பெண் சீப்பைப் பைக்குள் போட்டார். ஒவ்வொருவராக எழுந்தார்கள். மலை சுற்றப் போகும் முன் சாவு வீட்டில் உட்கார்ந்துவிட்டோம் என்ற பதற்றம் முகங்களில் தெரிந்தது. யாரும் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. சாவு வீட்டில் சொல்லக்கூடாது.

மஞ்சள் வேட்டிக்காரர் மட்டும் என்னிடம் வந்தார். "தெரியாம உக்காந்துட்டோம் சார்" என்றார். இனி மறுபடியும் எங்கே குளிப்பது என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டே சிவப்புக் காரை எடுத்துக்கொண்டு போனார். அடுத்து வந்த கார்கள் படத்தைப் பார்த்ததும் ரிவர்ஸ் எடுத்தன.

சகாதேவன் ஓடிவந்தார்.

"என்ன தம்பி இது? ஆடியில போனவங்களுக்குத் தையில பந்தலா? காரியமெல்லாம் எப்பவோ முடிஞ்சிடுச்சே. நல்ல நாளும் அதுவுமா தெருவையே தீட்டாக்கறீங்க. படத்தை உள்ள எடுங்க."

முடிந்துவிட்டது என்று எல்லோரும்தான் சொன்னார்கள். சொந்தக்காரர்கள் சொன்னார்கள். ஆபீசில் சொன்னார்கள். எல்லோருக்கும் தலையாட்டியிருக்கிறேன்.

"சாவு எங்க வீட்ல நடந்ததுங்க. அது எப்ப முடியும்னு நீங்க சொல்லாதீங்க."

"போலீசைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. என் கேட்டுக்கு முன்னால எது நிக்கலாம், எது நிக்கக்கூடாதுன்னு அவங்ககிட்டயே கேட்டுக்கலாம்."

நாற்காலிகளை ஓரமாக ஒதுக்கினேன். காரை வெளியே எடுத்தேன். அத்தையைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டு, படத்தை எடுக்கப் போனேன்.

"அவ அங்கயே இருக்கட்டும்" என்றார் அத்தை. "திரும்பி வந்தா நாம உள்ள போகணும்ல."

பிறகு கண்ணாடியை இறக்கினார்.

"சகாதேவா, ஏம்பா நிக்கற? அதான் நாற்காலி ஜாஸ்தியா கெடக்கே. உக்காந்து துக்கம் கேளு."

அவர் உட்காரவில்லை. ஆனால் படத்தைத் தொடவும் இல்லை.

தெருமுனையில் ஒரு பெரிய வேன் எங்கள் தெருவுக்குள் திரும்பப் பார்த்தது. ஒதுங்கச் சொல்லி டிரைவர் கை காட்டினார். நான் ஒதுங்கவில்லை. ஹாரன் மேல் கையை வைத்தேன். வேன் பின்னால் போகும் வரை எடுக்கவில்லை.