விரலை எடுக்கும்வரை

புருஷனின் தோளில் இருந்த சிவப்பை அவள் நோயென்று நினைக்கவே இல்லை. மூட்டை தூக்குகிறவனின் தோள் வேறெப்படி இருக்கும்? காய்ச்சலும் இடுப்புவலியுமாக அவன் சுருண்டு படுத்தபோது வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்தாள். தானியக் கிடங்கில் எல்லோரும் போட்டுக்கொள்ளும் வலி மாத்திரையைத் தன் கையாலேயே நீட்டினாள். இன்று காலை பல் தேய்த்தவன் துப்பத் துப்ப ரத்தம் நிற்கவில்லை. கண்ணின் வெள்ளையும் சிவந்திருந்தது. "என்னடி முழிக்கிற? புது பிரஷ்ஷு, முள்ளு மாதிரி குத்துது" என்றான். சொல்லும்போதே மூக்கிலிருந்தும் வழிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவன் தோளில் விரலை அழுத்தி எடுத்தார். "மூட்டை உரசின சிவப்புன்னா அழுத்தினா வெளுக்கும். இது வெளுக்கல பாருங்க. தோலுக்கடியில ரத்தம் கசியுது. வேலை செய்யற இடத்துல எலி இருக்கா?"

"எலிங்கதான் அங்க முதலாளி. நாங்கல்லாம் கூலி" என்றான் கூட வந்த அவளுடைய அண்ணன். ஒட்டகம் என்ற பட்டப்பெயரைச் சொன்னால்தான் கிடங்கில் அவனைத் தெரியும். புருஷனை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டவனும் அவன்தான்.

"புழுக்கையைத் தண்ணி தெளிச்சுப் பெருக்குவீங்களா?"

"தண்ணி பட்டா தானியம் பூஞ்சை பிடிச்சிடுமே. காய விட்டுத்தான் பெருக்குவோம். மாப்ள பெருக்கினா ஒரு மூலை விடமாட்டாரு."

"அந்தத் தூசியிலதான் கிருமி. மூச்சோட உள்ள போயிருக்கு. கிட்னியும் திணறுது. அந்த வலி மாத்திரை வேற ரத்தத்தை உறைய விடாது. யாரு குடுத்தது?"

அவள் "பொழைச்சிடுவாரா?" என்று மட்டும் கேட்டாள்.

"ரத்தம் ஏத்தறோம். இப்போதைக்கு வேற ஒண்ணும் சொல்ல முடியாது."

வெளியே நடையில் ஒட்டகம் சுவரில் சாய்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். "காலையிலேர்ந்து விண்ணு விண்ணுங்குது. அந்த மாத்திரை இருந்தா ஒண்ணு குடு பாப்பா."

அவள் கிட்டே போனாள். "சட்டையை இறக்குண்ணே."

"இத்தனை பேர் முன்னாடியா? மானத்தை வாங்காத."

அவளே காலரை இழுத்தாள். தோளில் வழக்கமான சிவப்பு. எத்தனையோ வருஷமாகப் பார்க்கிற சிவப்பு. அதன்மேல் கட்டைவிரலை ஊன்றினாள். அவன் சிரிக்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து அடங்கிப்போனான்.

"போதும், எடு" என்றான் மெதுவாக.

அழுத்திய அழுத்தத்தில் அவளுடைய நகம் வெளுத்துக் கிடந்தது. விரலை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.